ரஸ்ட் கேள்வி–பதில்: குளோஷரில் கம்பைலர் எதை எப்போது முடிவு செய்கிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரஸ்ட் மொழியின் குளோஷர்களை, அதாவது சுற்றியுள்ள மாறிகளையும் பயன்படுத்தக்கூடிய பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்களை, பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். நிரல் வரிகளைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பது வெறும் அச்சு வசதிக்காக அல்ல. ஜூன் 2021-இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து ரஸ்ட் அதை ஏற்கிறது. லெட், மூவ் போன்ற விதிச்சொற்களையும் டைப் (தரவு வகை) பெயர்களையும் மட்டும் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பிழை எண்களின் முன்னால் வரும் ‘இ’யும் ஆங்கில எழுத்துதான்.

கேள்வி: கீழே உள்ள இரண்டு வரிகளுக்கு ‘டைப் குறிப்பு தேவை’ என்று இ0282 பிழை வருகிறது. அடுத்த வரியிலேயே சரத்தைக் கொடுத்துக் கூப்பிடுகிறேனே, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா? இதே கம்பைலர் |எண்| எண் + 1 என்பதை மட்டும் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது.

லெட் நீளம் = |சொல்| சொல்.லென்();
நீளம்("வணக்கம்");

பதில்: இந்தப் பகுதியில் வரும் மற்றக் கேள்விகளுக்கும் சாவி இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கம்பைலர் ஒரு குளோஷரை நான்கு கட்டமாகப் பார்க்கிறது. குளோஷர் எழுதப்பட்ட இடத்தை எட்டியதும் அதன் சிக்னேச்சரை, அதாவது என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்பதை, உருவாக்க முயல்கிறது. நீங்கள் எழுதிய டைப்களை முதலில் எடுத்துக்கொள்ளும். எழுதாதவற்றுக்குச் சுற்றுப்புறத்தில் தடயம் இருக்கிறதா என்று தேடும். அப்படியும் கிடைக்காதவற்றுக்கு வெற்றிடம் விடும். இரண்டாவதாக, அங்கேயே அப்போதே குளோஷரின் உட்பகுதிக்குள் நுழைந்து டைப் சரிபார்க்கும். வெளி ஃபங்ஷனுக்கும் குளோஷருக்கும் வெற்றிடப் பட்டியல் ஒன்றுதான். அதனால் உள்ளே தெரிந்தது வெளியே உதவும், வெளியே தெரிந்தது உள்ளே உதவும். மூன்றாவது கட்டம் ஃபங்ஷன் முழுவதும் டைப் பார்த்து முடிந்த பிறகு வருகிறது. குளோஷர் எந்தெந்த வெளிமாறிகளைத் தொடுகிறது, படிக்கிறதா, மாற்றுகிறதா, விழுங்கிவிடுகிறதா என்று அப்போதுதான் கணக்கெடுப்பு நடக்கும். நான்காவதாக, நிரல் எம்ஐஆர் என்னும் இடைநிலை வடிவத்துக்கு மாறியபின் பாரோ செக்கர் (ரெஃபரன்ஸ்களை, அதாவது மதிப்பைச் சொந்தமாக்காமல் கடனாகச் சுட்டுபவற்றை, சரிபார்க்கும் பகுதி) லைஃப்டைம்களை, அதாவது அவை எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பதை, கணக்கிடும். அதுவரை ஒவ்வொரு ரெஃபரன்ஸின் லைஃப்டைமும் ‘ஏதோ ஒன்று’ என்றுதான் இருக்கும்.

பிந்தைய கட்டத்தில் தெரியவரும் தகவல் முந்தைய கட்டத்துக்குத் திரும்பிப் போகாது. உங்கள் நிரல் இரண்டாவது கட்டத்தில் மாட்டுகிறது. சொல்.லென்() என்ற புள்ளியை எட்டும்போது ‘சொல்’ வெறும் வெற்றிடம். லென் என்ற பெயரில் சரத்துக்கு ஒரு மெத்தட், வெக்டருக்கு ஒன்று, ஹேஷ்மேப்புக்கு ஒன்று இருக்கின்றன. எது என்று முடிவு செய்ய டைப் அந்தக் கணத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தள்ளிப்போட வழியில்லை.

கூட்டல் குறி வேறு ரகம். எண் + 1 என்றால் ‘எண்ணின் டைப், ஆட் டிரெய்ட்டை (கூட்டத் தெரிந்த டைப்களுக்கான பொது நிபந்தனையை) நிறைவேற்ற வேண்டும்’ என்று ஒரு பாக்கிக் கணக்கு எழுதிவைத்துவிட்டுக் கம்பைலர் நகர்ந்துவிடும். பின்னால் 5 கொடுத்துக் கூப்பிட்டதும் பாக்கி தீர்கிறது. கூப்பிடவே இல்லையென்றால் அதுவும் பிழைதான்.

|சொல்: &ஸ்ட்ர்| என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. (அந்த ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு லென் 21 என்று சொல்லும். ஏழு யூனிகோடு புள்ளிகள், யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட். எழுத்துக்களை எண்ணுகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம்.)

கேள்வி: அதே |சொல்| சொல்.லென்() என்பதை மேப்புக்குள் (இட்டரேட்டர் தரும் ஒவ்வோர் உறுப்பின்மேலும் குளோஷரை ஓட்டும் மெத்தட்) நேரடியாக எழுதினால் குறிப்பு எதுவும் கேட்பதில்லை. அங்கே எப்படித் தெரிகிறது?

பதில்: மேலே சொன்ன சுற்றுப்புறத் தடயம் இதுதான். மேப்பின் வரையறையில் ‘எனக்கு வரும் எஃப் என்பது எஃப்என்மியூட், இட்டரேட்டரின் ஐட்டத்தை வாங்கும், பி என்ற எதையோ திருப்பித் தரும்’ என்று நிபந்தனை இருக்கிறது (எஃப்என், எஃப்என்மியூட், எஃப்என்ஒன்ஸ் ஆகியவை ஒரு குளோஷரை எப்படிக் கூப்பிடலாம் என்று சொல்லும் டிரெய்ட்கள்). எஃப் இன்னும் நிரப்பப்படாத வெற்றிடம். ஆனால் அதன்மேல் பாக்கியாக நிற்கும் நிபந்தனைகளைக் கம்பைலர் புரட்டிப் பார்க்கும். எஃப்என் குடும்பத்து நிபந்தனை ஒன்று அகப்பட்டால், உள்ளே வருவது என்ன டைப் என்பதை அதிலிருந்து எடுத்துக் குளோஷரின் சிக்னேச்சரில் போட்டுவிடும். ஐட்டம் என்ன என்பது இட்டரேட்டரிலிருந்து ஏற்கெனவே தெரியும். பி மட்டும் வெற்றிடமாக இருந்து, உட்பகுதியைப் பார்த்ததும் நிரம்பும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு ஃபங்ஷன் அழைப்பின் ஆர்கியுமென்ட்களைக் கம்பைலர் இரண்டு சுற்றாகப் பார்க்கிறது. முதல் சுற்றில் குளோஷர் அல்லாதவை எல்லாம், இரண்டாம் சுற்றில் குளோஷர்கள். அதனால் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதி, குளோஷரை முதல் இடத்திலும் வெக்டரை இரண்டாவது இடத்திலும் வாங்கினாலும், வெக்டரின் டைப் தெரிந்த பிறகுதான் குளோஷருக்குள் நுழைவார்கள். கம்பைலரின் மூலநிரலில் இந்த இடத்தை எழுதியவர்களே ‘இதைக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் செய்கிறோம்’ என்கிற தொனியில் குறிப்பு போட்டிருக்கிறார்கள். அசிங்கமோ அழகோ, நாள்தோறும் நம்மைக் காப்பாற்றுவது அதுதான்.

குளோஷரை லெட்டில் தனியாக எழுதிவிட்டு, பிறகு பெயரைக் கொடுத்து அனுப்பினால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. லெட் வரியில் பார்க்கும்போது சுற்றிலும் தடயமே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த குளோஷரை வாசிக்க வசதியாக வெளியே எடுத்து எழுதியதும் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கேள்வி: லெட் அப்படியே = |பொருள்| பொருள்; என்று எழுதி, ஒருமுறை 5, இன்னொரு முறை "ஐந்து" கொடுத்தால் இ0308 (டைப் பொருந்தவில்லை). ஓகேமல் மொழியில் இது ஓடுகிறதே?

பதில்: ஓகேமல், லெட்டில் கட்டும் ஃபங்ஷனை எந்த டைப்புக்கும் பொருந்தும்படி பொதுமையாக்கும். ஹிண்ட்லி–மில்னர் டைப் ஊகிப்பு வழியில் வந்த மொழிகளின் அடையாளமே அது. ரஸ்ட் பொதுமையாக்காது. ஒரு குளோஷருக்கு ஒரே சிக்னேச்சர்தான். முதல் அழைப்பில் வெற்றிடம் முழு எண்ணால் நிரம்பிவிட்டது, இரண்டாவது அழைப்பு மோதுகிறது. ஹாஸ்கெல்லின் ஜிஎச்சி கம்பைலரும் ஜிஏடிடி என்னும் டைப் நீட்சியைப் போட்டால், வெளிமாறியைத் தொடும் உள்லெட்டுகளைப் பொதுமையாக்குவதை நிறுத்திக்கொள்ளும். ஆக இது ரஸ்டின் தனிப் பிடிவாதம் அல்ல. வெளிமாறி எதுவும் தேவையில்லை என்றால், ஃபங்ஷனுக்குள்ளேயே சின்னதாக ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெஃபரன்ஸ் வாங்கி அதையே திருப்பித் தரும் குளோஷர் இது. ‘லைஃப்டைம் போதிய அளவு நீடிக்காமல் போகலாம்’ என்று கம்பைலர் சொல்கிறது. ஃபங்ஷனாக எழுதினால் ஓடுகிறது. திருப்பித் தரும் டைப்பையும் எழுதிப் பார்த்தேன், மாற்றமில்லை.

லெட் பார் = |எண்: &ஐ32| எண்;

பதில்: அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பொறி இது. பிழைச் செய்தியும் அவ்வளவாக உதவாது.

பெயருள்ள ஃபங்ஷனுக்கு லைஃப்டைமை விட்டு எழுதினால் நிரப்ப ஒரு விதி உண்டு. உள்ளே வரும் ரெஃபரன்ஸ் ஒன்றே ஒன்று என்றால், வெளியே போவதும் அதே லைஃப்டைம். குளோஷருக்கு அந்த விதி கிடையாது. உள்ளே வரும் இடத்தில் & எழுதினால் ‘கூப்பிடுபவர் எந்த லைஃப்டைம் கொடுத்தாலும் சரி’ என்று பொருள். வெளியே போகும் இடம் உங்கள் வரியில் வெற்றிடம். ‘எந்த லைஃப்டைமானாலும்’ என்ற உள்பெயர் அந்தக் குளோஷரின் சிக்னேச்சருக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெற்றிடத்தை நிரப்பும் டைப் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. ஆகவே அது வெளியிலுள்ள ஏதோ ஒரு குறிப்பிட்ட லைஃப்டைமாகிறது. எந்த லைஃப்டைமோடும் வரக்கூடிய ஒன்றை, ஒரு குறிப்பிட்ட லைஃப்டைம் உள்ளதாகத் திருப்பித் தர முடியாது என்று பாரோ செக்கர் மறுக்கிறது. நீங்கள் -> &ஐ32 என்று எழுதிப் பார்த்ததும் இதனால்தான் பலிக்கவில்லை. குளோஷரில் திருப்பித் தரும் இடத்தில் எழுதும் &, உள்ளே வந்ததோடு இணையாமல் புதிதாக ஒரு வெற்றிட லைஃப்டைமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வழி, சிக்னேச்சரைக் குளோஷரிடமிருந்து எதிர்பார்க்காமல் வெளியிலிருந்து கொடுப்பது. வெளிமாறி எதையும் தொடாத குளோஷர் என்றால், லெட்டிலேயே ஃபங்ஷன் பாயிண்டர் டைப்பை எழுதிவிடலாம். அந்த டைப்பில் ஃபங்ஷனுக்குரிய விதி பொருந்தும், குளோஷருக்கும் அது அப்படியே வந்து சேரும். வெளிமாறியைத் தொடுகிறது என்றால், குளோஷரை வாங்கி அப்படியே திருப்பித் தரும் இரண்டு வரி உதவி ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதன் நிபந்தனையில் எஃப்என்(&ஐ32) -> &ஐ32 என்று வையுங்கள். குளோஷரை அந்த அழைப்பின் அடைப்புக்குள்ளேயே எழுத வேண்டும். வெளியே எழுதிவிட்டுப் பெயரைக் கொடுத்தால் பயனில்லை, காரணம் மேப் பற்றிய பதிலில். ஓடும்போது இந்த உதவி ஃபங்ஷனால் வேலை எதுவும் கூடுவதில்லை, அது கம்பைலருக்கு நாம் எழுதித் தரும் சீட்டு. ஃபார்<'அ> என்று குளோஷரின் முன்னாலேயே எழுதும் வசதி ஆர்எஃப்சி (மொழி மாற்றத்துக்கான முன்மொழிவு ஆவணம்) 3216-இல் முன்மொழியப்பட்டது. ஆனால் அதை நைட்லி (தினசரிச் சோதனைப் பதிப்பு) கம்பைலரில் மட்டுமே சோதித்துப் பார்க்கலாம், எல்லா டைப்களையும் முழுதாக எழுதவும் வேண்டும்.

கேள்வி: எனக்கு நேர் எதிரான சிக்கல். டைப் எழுதாதவரை ஓடியது. ஒழுங்காக எழுதுவோமே என்று டைப்பைச் சேர்த்ததும் இ0521, ‘கடன் வாங்கியது குளோஷருக்கு வெளியே தப்பிக்கிறது’ என்கிறது.

லெட் மியூட் பட்டியல் = வெக்::நியூ();
லெட் மியூட் சேர் = |பெயர்: &ஸ்ட்ர்| பட்டியல்.புஷ்(பெயர்);

பதில்: மேலே உள்ள கேள்வியின் மறுபக்கம். & எழுதியதும் ‘எந்த லைஃப்டைமானாலும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். பட்டியலில் இருக்கும் ரெஃபரன்ஸ்களுக்கோ ஒரே லைஃப்டைம், அதுவும் பட்டியல் பயன்படும் காலம் முழுதும் நீடிக்க வேண்டியது. ஒரு கணம் மட்டும் வாழும் சரத்தை ஒருவர் கொடுத்தால்? வாக்கின்படி வாங்கியாக வேண்டும், வாங்கினால் பட்டியலில் செத்த ரெஃபரன்ஸ் கிடக்கும். எனவே பிழை.

வெறும் |பெயர்| என்று விட்டால், பெயரின் டைப் வெற்றிடம். புஷ் வழியாக அது பட்டியலின் உறுப்பு டைப்போடு ஒன்றாகிறது. லைஃப்டைம் ‘ஏதோ ஒரு குறிப்பிட்டது’. இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதைப் பாரோ செக்கர் எப்படிச் சரிபார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், வேறு இருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். குளோஷரின் உட்பகுதி தனி எம்ஐஆர் ஆக மாறித் தனியாகவே பரிசோதிக்கப்படுகிறது. அதற்குள் வரும் லைஃப்டைம்கள் இரு வகை. சிக்னேச்சரில் பிறந்த ‘எந்த லைஃப்டைமானாலும்’ வகை ஒன்று. வெளியிலிருந்து வந்தவை, அதாவது பிடித்துக்கொண்ட மாறிகளில் உள்ளவையும் சிக்னேச்சர் வெற்றிடங்களில் நிரம்பியவையும், இன்னொன்று. வெளிலைஃப்டைம்கள் இரண்டில் எது நீண்டது என்று குளோஷருக்குள்ளிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கம்பைலர் அங்கே பிழை போடுவதில்லை. ‘இது அதைவிட நீண்டிருந்தால் நான் சரி’ என்று ஒரு நிபந்தனைச் சீட்டை வெளி ஃபங்ஷனிடம் அனுப்பிவிடும். வெளி ஃபங்ஷன், குளோஷர் உருவாகும் இடத்தில் அந்தச் சீட்டைத் தன் கணக்கில் சேர்த்துச் சரிபார்க்கும். சிக்னேச்சரில் பிறந்த லைஃப்டைம் ஒன்று பட்டியலின் லைஃப்டைமைவிட நீடிக்க வேண்டும் என்று வந்தால் சீட்டு அனுப்பவே வழியில்லை. அந்தப் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் குளோஷருக்குள்ளேயே பிழை.

ஒரு & குறி இருந்தால் ஒரு நிரலும் இல்லாவிட்டால் இன்னொரு நிரலும் ஓடுவதன் ரகசியம் இவ்வளவுதான். டைப்பைச் சொல்ல விருப்பமில்லாமல் ‘எந்த லைஃப்டைமானாலும்’ என்பதை மட்டும் சொல்ல வேண்டுமா? |பெயர்: &_| என்று எழுதலாம். லெட்டில் எழுதிய குளோஷரை வேறிடத்துக்கு அனுப்பும்போது ‘போதிய அளவு பொதுவானதாக இல்லை’ என்று வரும் பிழைக்கு முதலில் முயல வேண்டிய மருந்து இது.

கேள்வி: மூவ் (வெளிமாறியைக் குளோஷருக்குள்ளேயே நகர்த்தும் விதிச்சொல்) போட்டால் குளோஷர் எஃப்என்ஒன்ஸ் ஆகிவிடும், ஒருமுறைதான் கூப்பிடலாம் என்று படித்தேன். ஆனால் மூவ் போட்ட குளோஷரை மூன்று முறை கூப்பிட்டும் ஓடுகிறது.

பதில்: படித்த இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறார்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்: வெளிமாறி குளோஷருக்குள் எப்படி வந்தது, வந்ததை உட்பகுதி என்ன செய்கிறது. மூவ் முதலாவதை மட்டுமே மாற்றும். எஃப்என், எஃப்என்மியூட், எஃப்என்ஒன்ஸ் என்ற வகை இரண்டாவதைப் பொறுத்தது. ஒரு ஸ்ட்ரிங்கை மூவ் செய்து உள்ளே அதன் நீளத்தை மட்டும் படித்தால் அது எஃப்என்தான், நூறு முறை கூப்பிடலாம். அதே ஸ்ட்ரிங்கை உள்ளே டிராப் செய்தாலோ (அழித்துவிட்டாலோ) வெளியே கொடுத்துவிட்டாலோ எஃப்என்ஒன்ஸ். மாற்றினால் எஃப்என்மியூட், அப்போது குளோஷரைக் கட்டும் லெட்டிலும் மியூட் வேண்டும். விட்டுவிட்டால் இ0596.

மூவ் இல்லாவிட்டால், உட்பகுதிக்குத் தேவையானதில் மிகக் குறைந்ததையே கம்பைலர் எடுக்கும். படித்தால் சாதாரண ரெஃபரன்ஸ், மாற்றினால் மியூட் ரெஃபரன்ஸ், விழுங்கினால் மாறியே. அளவைப் பார்த்தால் புலப்படும். 64 பிட் கணினியில் எதையும் பிடிக்காத குளோஷர் 0 பைட். ஒரு ஸ்ட்ரிங்கை ரெஃபரன்ஸாகப் பிடித்தால் 8, மூவ் செய்தால் 24. யு8 ஒன்றை ரெஃபரன்ஸாகப் பிடித்தாலும் 8 பைட்தான், மூவ் செய்தால் 1. குளோஷர் என்பது பெயரில்லாத ஒரு ஸ்ட்ரக்ட், பிடித்தவை அதன் ஃபீல்டுகள். வேறு மாயம் இல்லை.

மூவில் சத்தமில்லாமல் கழுத்தறுக்கும் ஒன்று உண்டு. காப்பி வகை மாறிகளை, உதாரணமாக ஐ32-ஐ, மூவ் செய்தால் நகல்தான் உள்ளே போகும். ‘எண்ணிக்கை’ என்ற மாறியை மூவ் குளோஷருக்குள் மும்முறை கூட்டுங்கள். உள்ளே 3, வெளியே இன்னும் 0. கம்பைலருக்கு இதில் பிழை எதுவும் இல்லை.

வகை எப்போது முடிவாகிறது என்பதில் ஒரு வேடிக்கை. எஃப்என் கேட்கும் ஃபங்ஷனுக்கு, ஸ்ட்ரிங்கை டிராப் செய்யும் குளோஷரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லெட்டில் தனியாக எழுதியிருந்தால், மூன்றாவது கட்டத்தில் கம்பைலர் அதை எஃப்என்ஒன்ஸ் என்று கண்டுபிடித்து, அனுப்பும் இடத்தில் இ0525 தரும்: ‘எஃப்என் கேட்டார்கள், இது எஃப்என்ஒன்ஸ் மட்டுமே’. அழைப்புக்குள் நேரடியாக எழுதியிருந்தால், நிபந்தனையைப் பார்த்து முதல் கட்டத்திலேயே வகை எஃப்என் என்று பூட்டப்பட்டுவிடும். அப்போது குற்றவாளி டிராப் வரி: இ0507, ‘எஃப்என் குளோஷர் பிடித்ததை வெளியே நகர்த்த முடியாது’. தவறு ஒன்றுதான், எழுதிய இடம்தான் வேறு. தேடுபொறியில் பிழை எண்ணைப் போட்டுத் தேடுபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

கேள்வி: திரெட் தொடங்கும்போது இ0373 (ஃபங்ஷன் முடிந்த பிறகும் குளோஷர் இருக்கலாம்) வருகிறது, கம்பைலரே ‘மூவ் சேருங்கள்’ என்று சொல்கிறது. தெரிந்தே சொல்வதைத் தானாகவே செய்துவிடலாமே?

பதில்: திரெட் தொடங்கும் ஃபங்ஷன், தனக்கு வரும் குளோஷர் 'ஸ்டாட்டிக் ஆக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது உங்கள் ஃபங்ஷன் முடிந்த பிறகும் தாங்க வேண்டும். இது லைஃப்டைம் நிபந்தனை, அதனால் நான்காவது கட்டத்துச் சங்கதி. ரெஃபரன்ஸா மூவா என்ற முடிவோ உட்பகுதியின் பயன்பாட்டைப் பார்த்து மூன்றாவது கட்டத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பாரோ செக்கர் பிழையைக் காணும்போது திரும்பிப் போய் மாற்றும் பாதை இல்லை. பாதை போடுவது நல்ல யோசனையா என்பதும் சந்தேகமே. மூவ் ஆனால் அந்த மாறி அதன்பின் உங்களுக்குக் கிடைக்காது, டிராப் ஆகும் நேரமும் மாறும். இதை எழுதியவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

மூவ் சேர்த்த பிறகும் தீராத இரண்டு நிலைகள் வரும். மாறியே ஒரு ரெஃபரன்ஸ் என்றால், மூவ் அந்த ரெஃபரன்ஸைத்தான் நகர்த்தும், அது சுட்டும் பொருளை அல்ல. அப்போது இ0521 வரும். ஆர்க் (திரெட்கள் பகிர்ந்துகொள்ளும் பாயிண்டர்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், குளோன் எடுப்பது குளோஷருக்கு வெளியே, முந்தைய வரியில் நடக்க வேண்டும். உள்ளே குளோன் செய்தால் மூல ஆர்க்கும் சேர்ந்து உள்ளே போய்விடும். திரெட்கள் ஃபங்ஷன் முடிவதற்குள் முடிந்தால் போதும் என்றால் மூவே வேண்டாம். ஆகஸ்ட் 2022-இல் வந்த 1.63 முதல் திரெட் ஸ்கோப் இருக்கிறது, ரெஃபரன்ஸாகவே பிடிக்கலாம்.

கேள்வி: ஒரு மெத்தட்டுக்குள் செல்ஃப்.பொருட்கள்.ரீடெய்ன்(|ப| *ப < செல்ஃப்.வரம்பு) என்று எழுதினால் ஓடுகிறது. ஒப்பீட்டைச் செல்ஃப்.உள்ளடங்குமா(ப) என்ற மெத்தட்டாக மாற்றியதும் இ0502 (ஒன்றையே ஒரே நேரத்தில் மாற்றவும் படிக்கவும் கடன் வாங்குவது). இரண்டும் ஒன்றுதானே செய்கின்றன?

பதில்: உங்கள் திட்டம் 2021 எடிஷனில் (மொழி விதிகளின் தொகுப்பில்) இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. 2018-இல் இரண்டுமே ஓடாது. முன்பெல்லாம் குளோஷர் ஒரு ஃபீல்டைத் தொட்டாலும் செல்ஃப் முழுவதையும் பிடிக்கும். அக்டோபர் 2021-இல் 1.56 உடன் வந்த எடிஷனில், ஆர்எஃப்சி 2229-இன்படி, தொட்ட ஃபீல்டை மட்டும் பிடிக்கிறது. நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் ரீடெய்ன், பொருட்களை மியூட் ஆகப் பிடித்திருக்கிறது, குளோஷர் வரம்பை மட்டும் படிக்கிறது, மோதல் இல்லை.

மெத்தட் அழைப்புக்கு &செல்ஃப் முழுதாக வேண்டும். உள்ளடங்குமா என்ற மெத்தட் எந்த ஃபீல்டைத் தொடுகிறது என்று கம்பைலர் அதற்குள் எட்டிப் பார்க்காது. சிக்னேச்சரோடு நிறுத்திக்கொள்ளும். வரம்பை முதலில் ஒரு லெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த மெத்தட்டை செல்ஃப் வாங்காமல் வரம்பையும் பொருளையும் வாங்கும் ஃபங்ஷனாக மாற்றுங்கள்.

பழைய திட்டத்தை 2021-க்கு மாற்றுபவர்கள் கவனிக்க: மூவ் குளோஷர் ஒரு ஃபீல்டை மட்டும் எடுத்துக்கொண்டால், மிச்ச ஃபீல்டுகள் வெளியே தங்கி வேறு நேரத்தில் டிராப் ஆகும். பூட்டு, கோப்பு போன்றவை உள்ளே இருந்தால் வரிசை மாறித் தவறு நேரலாம். கார்கோ ஃபிக்ஸ் (நிரலைத் தானாகத் திருத்தும் கருவி) இப்படிப்பட்ட இடங்களில் குளோஷரின் முதல் வரியாக லெட் _ = &மாறி; என்று போட்டு, பழையபடி முழுதாகப் பிடிக்க வைக்கும். வேலையில்லாத வரி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அளவும் கூடலாம். இரண்டு ஃபீல்டுகளைத் தனித்தனி ரெஃபரன்ஸாகப் பிடித்தால் 8-க்குப் பதில் 16 பைட்.

கேள்வி: கூட்டும் குளோஷரை இஃப்பிலும் கழிக்கும் குளோஷரை எல்ஸிலும் வைத்தால் டைப் பொருந்தவில்லை என்கிறது. சிக்னேச்சர் இரண்டிலும் ஒன்றே.

பதில்: ஒவ்வொரு குளோஷருக்கும் தனி டைப். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் தனித்தனிதான். வெளிமாறி எதையும் தொடாதவை என்றால் ஃபங்ஷன் பாயிண்டராக மாறும் (ஜூலை 2017, 1.19 முதல்). தொடுகின்றன என்றால் இரண்டையும் ஒரே பொது டைப்பான பாக்ஸ்<டைன் எஃப்என்> ஆக்குங்கள்.

கேள்வி: சரம் ஒன்றின் ரெஃபரன்ஸை வாங்கி மூவ் || சரம்.லென்() என்பதை இம்பிள் எஃப்என்() -> யுசைஸ் என்று திருப்பித் தருகிறேன். என் கணினியில் ஓடுகிறது, உடன் வேலை பார்ப்பவர் கணினியில் இ0700.

பதில்: உங்கள் கார்கோ கோப்பில் எடிஷன் 2024, அவருடையதில் 2021 அல்லது அதற்கு முந்தையது என்று இருக்கும், பாருங்கள். பழைய எடிஷனில் இம்பிள் என்ற திரைக்குப் பின்னால் உள்ள டைப், சிக்னேச்சரில் சொல்லாத லைஃப்டைமை ஒளித்துவைக்கக் கூடாது. குளோஷரோ சரத்தின் ரெஃபரன்ஸைப் பிடித்திருக்கிறது. அவர் இறுதியில் + '_ சேர்த்தால் போதும். 1.82 (அக்டோபர் 2024) முதல் + யூஸ்<'அ> என்றும் எழுதலாம், பொருள் இன்னும் துல்லியம். 2024 எடிஷன் பிப்ரவரி 2025-இல் 1.85 உடன் வந்தது. அதில் எல்லா லைஃப்டைம்களும் தாமாகவே சேர்த்துக்கொள்ளப்படும். அதற்கும் ஒரு விலை உண்டு: சரத்தைத் தொடாத குளோஷரைத் திருப்பித் தந்தாலும், அது உயிரோடிருக்கும்வரை சரம் கடனில் இருப்பதாகவே கணக்கு. விடுவிக்க, அந்த லைஃப்டைமைச் சேர்க்காமல் + யூஸ்<> என்று எழுத வேண்டும்.

கேள்வி: ஒரு குளோஷருக்குக் கம்பைலர் என்ன முடிவு செய்தது என்று பார்க்க வழி உண்டா?

பதில்: சிக்னேச்சருக்கு, குளோஷர் கட்டிய மாறியை வேண்டுமென்றே தவறான டைப்புக்குக் கொடுங்கள்: லெட் தெரி: ஃபங்ஷன் பாயிண்டரின் டைப் எதையாவது எழுதி = குளோஷர். வரும் இ0308 செய்தியில் இரு சிக்னேச்சர்களையும் பார்க்கலாம். அளவுக்கு சைஸ்_ஆஃப்_வேல் என்ற ஃபங்ஷன் போதும். எதிர்பார்த்த 8-க்குப் பதில் 24 வந்தால், ரெஃபரன்ஸுக்குப் பதில் மாறியே உள்ளே போயிருக்கிறது. எதை எப்படிப் பிடித்தது என்பதற்கு ரஸ்ட்-அனலைசர் என்னும் எடிட்டர் கருவியின் இன்லே ஹின்ட் (நிரலுக்கிடையே காட்டும் குறிப்பு) அமைப்புகளில் குளோஷர் கேப்சர் ஹின்ட்ஸ் என்பதை இயக்குங்கள். முதலில் அது அணைந்தே இருக்கும். இயக்கியபின் மூவ் எழுதாத குளோஷர்களின் முன்னாலும் பிடித்த மாறிகளின் பெயர்கள் & அல்லது &மியூட் குறியோடு சாம்பல் நிறத்தில் தெரியும்.